கடைசிப் பக்கத்துச் சுத்தியல்

அத்தியாயம் 6

குசேயின் இடது கையில் ஐந்து விரல்களும் இருந்தன. ஆனால் எது எந்த விரல் என்று டாக்டருக்கே எக்ஸ்ரே பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

"எட்டு அடி," என்றான் குசே, உவேனோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. "எண்ணிக்கிட்டே இருந்தேன். அந்த நேரத்துல வேற என்ன வேலை எனக்கு?"

நேற்று வரை அவன் நாட்டின் இரண்டாவது வேகமான மோட்டார் பைக் பந்தய வீரன். தகாவாரா சர்க்யூட்டில் தகுதிச் சுற்று முடிந்து, லாரிக்குப் பின்னால் உடை மாற்றப் போனவனை எவனோ பின்னந்தலையில் அடித்துச் சாய்த்து, கையை அவன் வண்டியின் பெட்ரோல் டாங்க் மேல் வைத்து, சுத்தியலால் நிதானமாக அடித்திருக்கிறான்.

பயம் வந்தால் நான் ஜோக் அடிப்பேன். அது ஒரு வியாதி.

"டாங்குக்கு ஏதாவது ஆச்சா?" என்றேன்.

மகாபே அக்கா என் காலை மிதித்தார். தெருயோ மகாபே, வயது நாற்பத்து மூன்று. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளைத் துருவிக்கொண்டிருந்தவர், இப்போது தனியாகத் துருவுகிறார். நான் நோசே. அவர் ஆபீஸில் நான்தான் டிரைவர், டீ போடுகிறவன், அடி வாங்குகிறவன்.

"முகம் பார்த்தீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"முகமூடி. ஒரு வார்த்தை பேசல. முதல்ல என் வலது கையத்தான் பிடிச்சு டாங்க் மேல வெச்சான். வெச்சிட்டு அப்படியே நின்னான். என்னமோ யோசிச்சான். அப்புறம் வலது கைய விட்டுட்டு இடது கைய இழுத்தான்."

"அப்புறம்?"

"அப்புறம் எட்டு அடி. கிளம்பும்போதுதான் வாயத் திறந்தான். 'கடைசிப் பக்கம் நாளைக்கு'ன்னான்."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஆள் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் இசோமுரா. வாரப் பத்திரிகை ஒன்றில் ஆசிரியர். எங்களைக் காலை ஏழு மணிக்கு எழுப்பிக் கூட்டி வந்தவர். அவர் பொறுப்பில் வரும் படக்கதைத் தொடர் 'பதினோராயிரம் சுற்று'. மோட்டார் பைக் பந்தயக் கதை. அதன் கதாநாயகன் அச்சு அசலாக நாட்டின் முதல் வேக வீரன் ஹாசுமி. எதிராளி அச்சு அசலாக இந்தக் குசே. ரெண்டு பேரும் ஒரே டீம். தொடரைப் படிக்காத பையன் நாட்டிலேயே இல்லை.

இசோமுரா தோள்பைக்குள்ளிருந்து ஜெராக்ஸ் தாள்களை எடுத்துப் படுக்கை மேல் பரப்பினார். எழுபத்திரண்டாவது வாரம். ஐந்தாம் பக்கத்தில் எதிராளியின் கை பெட்ரோல் டாங்க் மேல். மேலே சுத்தியல். ரத்தம் கறுப்பு மையில் தெறித்திருந்தது.

"இது புதன்கிழமைதான் கடைக்கு வருது," என்றார் இசோமுரா. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இதைப் பார்த்தவங்க ரொம்பக் கொஞ்சப் பேர்."

"கடைசிப் பக்கம் எங்க?"

அவர் அதைக் கடைசியாகத்தான் எடுத்தார். கதாநாயகன் ஹெல்மெட்டோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஷெட்டிலிருந்து வெளியே வருகிறான். அவனுக்கு வலது பக்கம் பழைய டயர் அடுக்கு. அடுக்குக்குப் பின்னால் பந்தயப் பாதை ஊழியர்களான மார்ஷல்கள் போடும் வெள்ளை உடையில் ஒருவன். சுத்தியல் பாதி வழியில் இறங்கிவிட்டது. ஹெல்மெட்டுக்கும் முதுகுக்கும் நடுவில், கழுத்துக்கு. கீழே 'தொடரும்'.

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஃபைனல்," என்றான் குசே. "ஒண்ணே முக்காலுக்கு ஹாசுமி வண்டியத் தள்ளிட்டு வெளிய வருவான்."

"அவர இன்னிக்கு ஓட்ட வேண்டாம்னு சொல்ல முடியாதா?"

"என்ன அடிச்சவன் சிக்குற வரைக்கும் ஓட்டாதேன்னு காலைலயே போன்ல சொன்னேன். சிரிச்சான். இன்னிக்கு ஜெயிச்சா அடுத்த வருஷம் ஐரோப்பா டீம். விலகினா யாரும் திரும்பிக் கூப்பிட மாட்டாங்க." குசே கட்டுப் போட்ட கையைப் பார்த்தான். "அக்கா, அவன் எனக்கு ஆகாதவன்தான். ஆனா அவன் கழுத்து உடையறத நான் பார்க்க வேண்டாம்."

அக்கா ஐந்தாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோசே, இதுல நசுங்குறது எந்தக் கை?"

"வலது."

"இவருக்கு நசுங்கினது?"

"இடது." எனக்கு அப்போதுதான் உறைத்தது. "வண்டி ஓட்டத் தெரியாதவனா இருப்பான் அக்கா."

"தெரியாதவன் படத்தை அப்படியே காப்பி அடிப்பான். வலது கை. தெரிஞ்சவனும் வலது கையத்தான் உடைப்பான், முன் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் அதுலதானே இருக்கு. ரெண்டு பேருமே வலதுதான். இவன் ஏன் இடது?"

மணி எட்டு ஐம்பது.

*

ஓவியர் அகுட்சுவின் பட்டறை நெரிமாவில் ஒரு சலவைக் கடைக்கு மேலே. மாடிப்படி முழுக்க நூடுல்ஸ் வாசனை. உள்ளே நான்கு மேசைகள். ஒரு மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"செத்துட்டாரா?" என்றேன்.

"வாத்தியார் தூங்குறாரு," என்றான் மேசைக்கு மேலே உட்கார்ந்திருந்த தடியன். "ரெண்டு நாளா முழிச்சு இப்பதான் படுத்தாரு. எழுப்பினா உங்களத்தான் சாகடிப்பேன்."

இசோமுரா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காதில் சொன்னார்: "மொனோபே. கதைல வர்ற வண்டி எல்லாம் இவன் கைதான். முன்னாடி ரேஸ் ஓட்டினவன். ஹாசுமிக்காக இவன டீம்லேர்ந்து தூக்கினாங்க."

காதில் சொல்வதை அந்த ஆள் வீடே கேட்கச் சொல்வார் போல. மொனோபே எழுந்தான். எழுந்துகொண்டே இருந்தான், அவ்வளவு உயரம்.

"என்ன சொன்ன?"

"குசே கைய உடைச்சது நீதானேன்னு..." இசோமுரா முடிக்கவில்லை.

இரும்பு அளவுகோல் என் காதை உரசிக்கொண்டு கதவில் குத்தி நின்று ஆடியது. இசோமுராவுக்கு வைத்த குறி. அவருக்கு முன்னால் நான் இருந்தேன். அடுத்தது முஷ்டி. அதுவும் எனக்கே. மூக்குக்குள் ஏதோ ஒன்று பட்டென்று ஒடிந்த சத்தம் எனக்கு உள்ளேயிருந்து கேட்டது. நான் அவன் இடுப்பைப் பிடித்து மேசை மேல் தள்ளினேன். மேசை உடைந்தது. மை பாட்டில்கள் உடைந்தன. அவன் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் இரண்டு தடவை மோதினான். மூன்றாவது தடவைக்கு முன் அக்காவின் குரல் கேட்டது.

"மொனோபே, ஒரே கேள்வி. நீங்க குசே கைய உடைக்கணும்னா எதை உடைப்பீங்க?"

அவன் என் முடியைப் பிடித்தபடியே யோசித்தான்.

"வலது. இதென்ன கேள்வி?"

"இடது உடைச்சிருந்தா?"

"ஆறு மாசத்துல அவன் திரும்பி ஓட்டுவான். இடதுல க்ளட்ச் மட்டும்தானே? கஷ்டப்பட்டு ஒருத்தன் கைய உடைச்சா ஒழுங்கா உடைக்கணும் மேடம். நான் வண்டிக்காரன். என்ன அவமானப்படுத்தாதீங்க."

"அவன விடுங்க. நீங்க இல்ல."

விட்டான். என் மூக்கிலிருந்து ரத்தம் மையோடு கலந்து சட்டையெல்லாம் வழிந்தது.

"நல்ல கேள்வி அக்கா," என்றேன். "ரெண்டு நிமிஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம்."

இத்தனை சத்தத்தில் மேசையடிக் கால்கள் உயிர் பெற்றன. அகுட்சு ஊர்ந்து வெளியே வந்தார். கன்னத்தில் தாளின் கோடு பதிந்திருந்தது. உடைந்த மேசையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. தரையிலிருந்து பாதி வரைந்த பக்கம் ஒன்றை எடுத்து மையைத் துடைத்தார். மூலையில் கண்ணாடி மேசை ஒன்று, அடியில் விளக்கு. தாளைக் கவிழ்த்துப் போட்டு விளக்கைப் போட்டு, பின்பக்கம் வழியாக உற்றுப் பார்த்தார்.

"மூக்கு கோணல்," என்றார்.

"என்னுதா?" என்றேன்.

"கதாநாயகனுது. நேராப் பார்த்தா கண்ணு பழகிடும், ஏமாந்துடும். திருப்பிப் பார்த்தா கோணல் தெரியும்."

அக்கா அந்தக் கண்ணாடி மேசைக்குப் போய்க் குனிந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பின்னாலிருந்து பார்க்கும்போது கதாநாயகனுக்கு வலது கை இடதாகிவிட்டது. செயின் பக்கம் மாறிவிட்டது.

"இசோமுரா சார்," என்றார் அக்கா, நிமிராமலே. "உங்க பத்திரிகைய இப்படித் திருப்பி மட்டுமே பார்க்கிற ஆள் யாராவது இருக்காங்களா? வேலையே அதுதான்னு?"

இசோமுரா நெற்றியைத் துடைத்தார். "திருப்பியா... யாரு பார்ப்பா? ஓவியரு, நானு, வசன எழுத்து ஒட்டுற பொண்ணு, எல்லாரும் நேராத்தான்..." நிறுத்தினார். "அச்சகம். எங்க பத்திரிகைக்கு மேடு அச்சு. ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. தட்டுல எல்லாமே இடவலம் மாறித்தான் இருக்கும்."

"அந்தத் தட்ட மிஷின்ல மாட்டுறது யாரு?"

*

இதாபாஷியில் அந்த அச்சகத்துக்கு நூறு அடி முன்னாலேயே தரை அதிர்ந்தது. புதன்கிழமை இதழ் ஓடிக்கொண்டிருந்தது. ஊதா நிறக் காகிதம் ஆற்றுத் தண்ணீர் மாதிரி உருளைகளுக்கு நடுவே பாய்ந்தது. மேஸ்திரி எங்களோடு கத்தித்தான் பேசினார்.

"தட்டு மாட்டுறது ததேனோ! முப்பத்தோரு வருஷம்! ஈய எழுத்து காலத்துலேர்ந்து! திருப்பின எழுத்த பேப்பர் படிக்கிற மாதிரி படிப்பாரு! டீ குடிச்சுக்கிட்டே படிப்பாரு!"

"எங்க அவரு?"

"லீவு! வெள்ளிக்கிழமை இந்தத் தட்டெல்லாம் மாட்டிட்டுப் போனவரு! நேத்தும் லீவு, இன்னிக்கும் லீவு! முப்பத்தோரு வருஷத்துல இது ரெண்டாவது தடவை லீவு போடுறாரு!"

"முதல் தடவை?"

மேஸ்திரி கத்துவதை நிறுத்தினார். எங்களை வெளித் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனார்.

"பையன் செத்தப்போ. போன அக்டோபர். மினோரு. பத்தொம்பது வயசு. ஒக்குதாமா மலைப் பாதைல, பைக். இந்தத் தொடர் படிச்சுத்தான் வண்டியே வாங்கினான். அப்பா அச்சடிக்கிற புஸ்தகம்னு வாரா வாரம் ஒரு நாள் முன்னாடியே படிச்சிடுவான்." அவர் தொப்பியைக் கழற்றினார். "பையன எரிச்ச மறுநாள் ததேனோ வேலைக்கு வந்துட்டாரு. அதே தொடரோட தட்ட மாட்டினாரு. ஒரு வார்த்தை பேசல."

ததேனோவின் அலமாரியைத் திறந்து காட்டினார். மாற்றுச் செருப்பு. கட்டிச் சோப்பு. கதவின் உள்பக்கம் ஒரு போட்டோ: ஒல்லிப் பையன், சிவப்பு வண்டி, ஹெல்மெட்டைக் கட்டிப் பிடித்துச் சிரிப்பு. கீழே ஒரு பிளாஸ்டிக் உறை, காலி. மேலே ஒட்டிய சீட்டில் எழுதியிருந்தது: வெள்ளை முழு உடை, நடுத்தர அளவு.

அக்கா மேஸ்திரியின் மேசையிலிருந்து சர்க்யூட்டுக்கு போன் போட்டார். அங்கே பாதுகாப்புக்கு நின்ற இன்ஸ்பெக்டர் பேசியது எனக்கும் கேட்டது, அவ்வளவு உரக்கப் பேசினார்.

"மேடம், இசோமுரா அனுப்பின அந்தப் படம் எங்ககிட்டயும் இருக்கு. வலது பக்க டயர் அடுக்குக்குப் பின்னாடி நாலு பேரப் போட்டிருக்கேன்."

"வலது இல்ல சார், இடது! அவர் பார்த்த படத்துல எல்லாமே இடவலம் மாறியிருக்கும். குசேக்கும் அதனாலதான் இடது கை போச்சு!"

"படத்துல வலதுன்னா வலதுதான். வேணும்னா நேர்ல வந்து சொல்லுங்க."

வைத்துவிட்டார். மணி பதினொன்றே முக்கால்.

*

இசோமுராவை அச்சகத்திலேயே விட்டுவிட்டு, நானும் அக்காவும் ஆபீஸ் பைக்கில் கிளம்பினோம். எக்ஸ்பிரஸ் பாதையில் பைக்கில் இரண்டு பேர் போகக் கூடாது. அதனால் ஆறாம் நம்பர் தேசியச் சாலை. ஞாயிற்றுக்கிழமை நெரிசல். லாரிகளுக்கு நடுவே, சில சமயம் லாரிகளுக்கு அடியே என்று சொல்லும் அளவுக்கு, நான் ஓட்டினேன். மூக்கில் அடைத்த பஞ்சு காற்றில் பறந்துபோய் மத்சுதோவில் எவனோ ஒருத்தன் கார்க் கண்ணாடியில் ஒட்டியது.

"வேகமாப் போடா!" என்று முதுகில் குத்தினார் அக்கா.

"நூத்தி நாப்பது அக்கா! இதுக்கு மேல போனா சொர்க்கம்தான்!"

"ஹாசுமிக்கு முன்னாடி நீ போகாத, அது போதும்!"

ஒன்று முப்பத்தெட்டுக்கு சர்க்யூட் வாசலில் நின்றோம். ஸ்டாண்டைப் போட மறந்து நான் வண்டியோடு சரிந்தேன். அக்கா என்னைத் தாண்டி ஓடினார்.

ஷெட்டுக்குள் ஹாசுமி நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். இருபத்து மூன்று வயது. தோல் உடுப்புக்குள் எலும்பும் நரம்பும்.

"நீங்கதானா துப்பறியுறவங்க? சட்டையெல்லாம் ரத்தமா இருக்கே."

"என்னோடதுதான்," என்றேன். "உங்களோடது வராம இருக்கத்தான் வந்திருக்கோம்."

"வெளிய போகாதீங்க," என்றார் அக்கா. "பத்து நிமிஷம் தாமதமா..."

"ஒண்ணே முக்காலுக்கு வெளிய வரலேன்னா கடைசி வரிசையிலேர்ந்து கிளம்பணும். நான் முதல் வரிசை." பழத்தோலை நேராகக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தான். "அவன நீங்க பிடிங்க. நான் ஓட்டுறேன். அவங்கவங்க வேலை."

வெளியே அக்கா இன்ஸ்பெக்டரைப் பிடித்துவிட்டார். ஷெட் வாசலிலிருந்து பாதை இருபது அடி. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு டயர் அடுக்கு. எங்கு பார்த்தாலும் வெள்ளை உடை மார்ஷல்கள், கொடியோடு, தீயணைப்பானோடு. அக்கா ரப்பர் ஸ்டாம்ப், தட்டு, காலி உறை என்று விரல் மடக்கிச் சொல்லச் சொல்ல இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. காலி உறைதான் அவரைச் சாய்த்தது. வலது பக்கம் நின்ற நாலு பேரையும் இடது பக்கம் மாற்றினார். என்னையும் அங்கே நிறுத்தினார்கள்.

ஒன்று நாற்பத்து நாலு.

நாலு போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்றுகொண்டு, எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. பயந்தாங்கொள்ளி மூளை ஒன்றைச் சுற்றியே வரும். அது குசேயின் கட்டிலையே சுற்றிக்கொண்டிருந்தது. *முதல்ல வலது கையத்தான் பிடிச்சான். வெச்சிட்டு யோசிச்சான்.*

இடது என்று பார்த்தவன் ஏன் வலதைப் பிடிக்க வேண்டும்?

முப்பத்தோரு வருஷமாகத் திருப்பிப் படிக்கிறவன். டீ குடித்துக்கொண்டே படிக்கிறவன். அவனுக்கா இடவலம் தடுமாறும்? அவனுக்குப் படத்தில் வலது கைதான் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தே மாற்றினான். எதற்கு மாற்றினான் என்பது வேறு விஷயம். ஆனால் டயர் அடுக்கை மாற்ற அவனுக்கு ஒரு காரணமும் இல்லை.

"அக்கா!" என்று கத்தினேன். "வலது பக்கம்!"

ஹாசுமியின் வண்டி வாசலைத் தாண்டிவிட்டது. வலது பக்கம் டயர் அடுக்கைச் சுற்றிக்கொண்டு மார்ஷல் ஒருவர் நடந்து வந்தார். வெள்ளை உடை. மற்றவர்களுடையது எண்ணெயும் புழுதியுமாக இருக்க, அவருடைய நெஞ்சில் கடையில் மடித்த மடிப்பு நாலு கோடாக அப்படியே இருந்தது.

நான் ஓடினேன். சுத்தியல் உயர்ந்தது. ஹாசுமி என் சத்தம் கேட்டுத் திரும்பினான். அந்தத் திரும்பல்தான் அவன் கழுத்தைக் காப்பாற்றியது. அடி ஹெல்மெட்டில் விழுந்தது. ஓடு பிளக்கும் சத்தம். அவன் முழங்காலில் விழ, வண்டி அவன் மேல் சாய்ந்தது. கால் அடியில் மாட்டிக்கொண்டது. நகர முடியாது. இரண்டாவது அடி அவன் முகத்துக்கு இறங்கியது.

இறங்கும் வழியில் என் தோள் இருந்தது.

வலி உடனே வரவில்லை. முதலில் சத்தம், காய்ந்த மூங்கில் ஒடிகிற மாதிரி. பிறகு வலது கை என்னுடையதாக இல்லை. நான் இடது கையால் அவர் கால்களைக் கட்டிக்கொண்டேன். அவர் என் முதுகில் அடித்தார். ஒன்று. இரண்டு. நானும் குசே மாதிரி எண்ணினேன், வேறு வேலை இல்லை. மூன்றாவதில் வாயில் ரத்தம் வந்தது. நாலாவது வரவில்லை.

அக்கா யாரோ ஒரு மார்ஷலின் கையிலிருந்து தீயணைப்பானைப் பிடுங்கி, அதன் அடிப்பாகத்தால் ததேனோவின் முகத்தில் ஒரு குத்து விட்டிருந்தார். பல் ஒன்று என் கன்னத்தில் வந்து விழுந்தது. அவர் தள்ளாடி மறுபடி சுத்தியலைத் தூக்கினார். அக்கா அந்த மணிக்கட்டில் இன்னொன்று வைத்தார். சுத்தியல் தரையில் விழுந்து உருண்டது. அதற்குப் பிறகுதான் நாலு போலீஸ்காரர்களும் வந்து அவர் மேல் விழுந்தார்கள்.

"தப்பு பண்ணிட்டேன் நோசே," என்றார் அக்கா மூச்சிரைக்க. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "நான்தான் அவங்கள வலது பக்கத்துலேர்ந்து கிளப்பினேன்."

"ஆளு சரிதான் அக்கா. காரணம்தான் தப்பு." பேசினால் வாயில் குமிழி வந்தது. "உங்க சம்பளத்துல பாதி பிடிச்சுக்கிறேன்."

ததேனோவின் கன்னத்தைத் தார்த் தரையோடு சேர்த்து அழுத்தியிருந்தார்கள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வயது இருக்கும். ஒல்லியான, சுத்தமான ஆள். நகத்தில் ஒரு பொட்டு மை இல்லை.

"ஏன் இடது கை?" என்று கேட்டார் அக்கா, அவர் பக்கத்தில் மண்டியிட்டு. "படத்துல வலது. உங்களுக்குத் தெரியும்."

"படம் தப்பு," என்றார் ததேனோ. உதடு கிழிந்திருந்தாலும் குரல் அமைதியாக இருந்தது. "அவங்க தப்பா வரைஞ்சிருந்தாங்க. பிரேக் இடது பக்கம்தான். நான் திருத்தினேன்."

அவர் கழுத்தை அசைத்துச் சட்டைப் பையைக் காட்டினார். ஒரு போலீஸ்காரர் கையை விட்டு எடுத்தார். அலுமினியக் கைப்பிடி லீவர் ஒன்று. நடுவில் ஒடிந்தது. அதன் மேல் இரண்டு கையெழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன: ஹாசுமி, குசே.

"மினோரு அந்தப் பத்திரிகைல கூப்பன் வெட்டி அனுப்பி வாங்கினான். இவங்க கையெழுத்து இருக்குன்னு வண்டில மாட்டுற வரைக்கும் தலைமாட்டுல வெச்சுத் தூங்கினான்." அவர் ஹாசுமியைப் பார்த்தார். "வளைவுல பிடிச்சிருக்கான். உன் லீவர் ஒடிஞ்சு போச்சு. அப்படியே பள்ளத்துல போயிட்டான் என் பிள்ளை. போலீஸ்ல காட்டினேன். டீமுக்கு எழுதினேன். பத்திரிகைக்கு எழுதினேன். ஒருத்தனும் கேக்கல. நான் அச்சடிச்சுக்கிட்டே இருந்தேன்."

ஹாசுமியை வண்டிக்கு அடியிலிருந்து இழுத்து உட்கார வைத்திருந்தார்கள். பிளந்த ஹெல்மெட்டைக் கழற்றினான். புருவத்திலிருந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. நொண்டியபடி வந்து லீவரை வாங்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன்.

"ஐயா," என்றான். "இது க்ளட்ச்."

"என்ன?"

"பிரேக் இல்ல. இது கியர் மாத்துறதுக்கு. வண்டி இடது பக்கமா விழுந்தா இது தரைல பட்டு ஒடியும். விழுந்தப்புறம் ஒடிஞ்சது. விழுறதுக்கு முன்னாடி இல்ல." சாய்ந்து கிடந்த தன் வண்டியின் வலது கைப்பிடியைத் தொட்டுக் காட்டினான். "பிரேக் இந்தப் பக்கம்."

ததேனோ அந்தக் கைப்பிடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். உருளையில் மாட்டுவதற்கு முன் ஒரு தட்டைப் பார்ப்பார் அல்லவா, அப்படி.

"அந்தப் பக்கத்துது வீட்ல இருக்கு," என்றார். "கழட்டி வெச்சிருக்கேன். ஒரு கீறல் இல்ல. நல்லாத்தான் இருக்கு." நெற்றி சுருங்கியது. "அப்ப அவன் பிடிக்கவே இல்லையா?"

ஹாசுமி அக்காவைப் பார்த்தான். அக்கா என்னைப் பார்த்தார். எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

"தெரியாது ஐயா," என்றார் அக்கா கடைசியில். "பிடிச்சும் இருக்கலாம். ஒக்குதாமா வளைவு அப்படி."

"பிடிக்கவே இல்லையா?" என்றார் அவர் மறுபடி. இந்தத் தடவை எங்களைக் கேட்கவில்லை.

மெக்கானிக் ஒருவன் மாற்று ஹெல்மெட்டோடு ஓடி வந்தான். ஹாசுமி புருவத்தில் ஒட்டுப் பட்டை ஒன்றை அழுத்தி ஒட்டிக்கொண்டான். ஒடிந்த லீவரைப் போலீஸ்காரரிடம் கொடுக்கவில்லை. குனிந்து ததேனோவின் விலங்கு மாட்டிய கைக்குள் வைத்தான். பிறகு வண்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு போனான்.

என்னை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். ததேனோவை வேனுக்கு நடத்தினார்கள். வேன் கதவருகே அவர் நின்றுவிட்டார். பின்னால் தள்ளிய போலீஸ்காரரை அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

இருபத்தெட்டு வண்டிகளும் ஒரே அலறலாகக் கிளம்பின. அலறல் ஏறிக்கொண்டே போனது. முதல் வளைவில் அத்தனையும் ஒன்றாகத் தாழ்ந்தது, இருபத்தெட்டு வலது கைகள் ஒரே நேரத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்த மாதிரி. அதை ததேனோ தலையைச் சாய்த்துக் கேட்டார். அடுத்த சுற்று வரும் வரை நின்று, இன்னொரு தடவை கேட்டார்.

அதற்குப் பிறகு அவராகவே வேனில் ஏறினார்.